பின்னால் ஏறி நிற்கிறவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். வத்தேகம பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரே ஸ்டோரில் வேலை செய்யும் இருவர் இருந்தார்கள். ஒருவர் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுபவர், மற்றவர் நல்ல பருமன்.

“அண்ணே, நீங்க மெலிஞ்சா நான் எப்படி வண்டி ஓட்டுறது?”

“சீனி கூடிருச்சுடா. டொக்டர் சோத்தக் கொறைக்கச் சொல்லிட்டாரு.”

“பாரம் கூடினா வண்டி முன்னால குத்துதே. பின்னால நீங்க ஏறி நின்னாத்தானே தூக்குது.”

“போன கிழம வண்டியோட பின்சில்லு தரைய விட்டு எழும்பி, நான் விழப் பாத்தேன். ரெண்டு தடவையா கொண்டு போனா என்ன?”

“நேரம் போகுதுன்னு பொஸ் ஏசுவாரு. நாளைக்குப் பாதுகாப்பு வகுப்பு வேற. சொல்லிக்குடுக்க வர்றவரு ஒங்கள விடப் பெருத்த ஆளாம்.”

“அப்ப அவர ஏத்திக்கடா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு.”

அந்த வண்டியின் பின்னால் ஆள் ஏறி நிற்பது சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.