பியேதாத் வீட்டுச் சிவப்புப் புட்டிகள்

சர்க்கரைத் தண்ணீர் கலப்பதில் ஒரு வித்தையும் இல்லை, ஐயா. ஒரு குவளை வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு குவளை தண்ணீர். கொதிக்க வைத்து ஆறவிட்டுப் புட்டியில் ஊற்றித் தொங்கவிட்டால் ரீங்காரச்சிட்டுகள் தேன் என்றே நினைத்துக் குடிக்கும். எங்கள் ஊர் கிளோதோமிரோ தன் பழத்தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்தால்தான் சிட்டுகள் செத்தன என்று, விசாரிக்க வந்த நீங்கள் எழுதிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அது சரியில்லை. அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

என் மனைவி லாஸ்தேனியாவுக்கு இரண்டு வருஷமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நான் கரும்பாலைக்குப் போனதும் பக்கத்து வீட்டு அம்மாள் தோன்யா பியேதாத் வந்து, அவளைச் சக்கர நாற்காலியோடு தன் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். அங்கே பன்னிரண்டு சிவப்புப் புட்டிகள் தொங்கின. தலைநகர் கீதோவிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வருவார்கள். எந்தச் சிட்டு எந்தப் புட்டிக்கு வரும் என்று லாஸ்தேனியா அவர்களுக்குக் கை காட்டுவாள்.

சாயங்காலம் கையெல்லாம் பாகு ஒட்ட நான் வீடு திரும்பினால் வீட்டில் ஆள் இருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும். எங்கள் வீட்டில் அவள் சிரித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூப்பிட்டால், "இன்னும் கொஞ்ச நேரம், கிழவா. ஊதாக் கழுத்துக்காரன் இன்னும் வரல" என்பாள். யாரோ ஒருவனுக்காகக் காத்திருக்கிற மாதிரி.

சிட்டுகள் எங்கள் தோட்டத்துக்கு வந்தால் அவளும் இங்கேயே இருப்பாள் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நாலு மாதம் பாடுபட்டேன். சிவப்புப் புட்டி வாங்கி ஜன்னலுக்கு எதிரே கட்டினேன். செம்பருத்தி நட்டேன். அவளுடைய பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்துக் கொடியில் தொங்கவிட்டேன். எறும்பு வந்தது, குளவி வந்தது. கடைசியில் ஒரே ஒரு பச்சைச் சிட்டு வந்தது. அது கம்பியில் உட்கார்ந்துகொண்டு, கிட்டே வந்த மற்ற சிட்டுகளையெல்லாம் கொத்தி விரட்டியது. நாளெல்லாம் அதற்கு அதே வேலை.

லாஸ்தேனியா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அது அப்படியே உன்ன மாதிரி, கிழவா. தானும் வயிறாரக் குடிக்காது, அடுத்தவனையும் அண்ட விடாது."

மறுநாளும் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

நான் புட்டியில் ஊற்றியது வெல்லத் தண்ணீர். முப்பத்தொரு வருஷம் கொப்பரை முன்னால் நின்று வெல்லம் காய்ச்சினவன். என் வீட்டுக்குள் வெள்ளைச் சர்க்கரை நுழைந்ததில்லை. தோன்யா பியேதாத்துக்கு அது பொறுக்கவில்லை. வேலியோரம் வந்து நின்று நிதானமாகச் சொன்னார்: "தோன் எலியோ, வெல்லம் வேணாங்க. அதுங்க நாக்குல பூஞ்சை புடிச்சு வீங்கிரும். அப்புறம் குடிக்க முடியாம பட்டினியிலயே செத்துரும். நான் சர்க்கரை தரேன், எடுத்துட்டுப் போங்க." நான் எடுத்துக்கொள்ளவில்லை. என் உழைப்பு விஷம் என்று ஒருத்தர் சொல்லி அதை நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா?

ஆனால் அவர் சொன்னது உண்மை. என் புட்டிக்குக் காவல் இருந்த பச்சைச் சிட்டு பத்தே நாளில் கம்பிக்குக் கீழே கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. மனைவி கண்ணில் படாமல் புதைத்தேன்.

அதற்கடுத்த வாரம் தோன்யா பியேதாத்துக்குத் தோள் பிசகிக்கொண்டது. காலையில் ஆலைக்குப் போகும் முன் தன் புட்டிகளைக் கழுவி நிரப்பித் தர முடியுமா என்று என்னைத்தான் கேட்டார். பக்கத்து வீட்டு உதவி, மறுக்கக் கூடாது. அவர் கொதிக்க வைத்துத் தந்த சர்க்கரைத் தண்ணீரைத் தினமும் ஓடையில் கொட்டினேன். என் வீட்டில் மூன்று நாள் புளிக்கவிட்ட வெல்லத் தண்ணீரை ஊற்றினேன். சிவப்புக் கண்ணாடிக்குள் நிறம் தெரியாது. புட்டிகளைக் கழுவவில்லை. இடுக்கில் கறுப்பாகப் படிந்ததை அப்படியே விட்டேன்.

மூன்றாம் வாரம் சிட்டுகள் விழ ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்தில் லாஸ்தேனியா உள்ளங்கையில் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாள். ஊதாக் கழுத்து. பிழைக்க வைத்துவிடலாம் என்று, கிண்ணத்தில் ஊற்றி வைத்த புட்டித் தண்ணீரில் துணி முனையை நனைத்துச் சொட்டுச் சொட்டாக அதன் அலகில் விட்டாள். கிண்ணம் காலியானதும் என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கொண்டா, கிழவா, குடிக்குது" என்றாள். பக்கத்தில் தொங்கிய புட்டியிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் கொடுத்தேன். அவள் கேட்டதை நான் இல்லையென்று சொன்னதே இல்லை.

தோன்யா பியேதாத் எல்லாப் புட்டிகளையும் இறக்கிவிட்டார். "நான்தான் சரியாக் கொதிக்க வைக்கல போலிருக்கு, தோன் எலியோ" என்று அழுதார். இருக்கும் என்றேன். இப்போது கீதோவில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம்.

ஆக, நாற்பத்தேழு சிட்டுகளும் என் கையால் செத்தவை. எழுதிக்கொள்ளுங்கள். சிட்டுகள்மேல் எனக்கு வெறுப்பில்லை. ஒரு நோயாளி தன் வீட்டில் தன் மனுஷனோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் விரும்பியது. அது நடந்துவிட்டது. லாஸ்தேனியா இப்போது எங்கேயும் போவதில்லை. நான் வரும்போது வீட்டிலேயே இருக்கிறாள். தோட்டத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள். திருப்பி வைத்தேன். அதுவும் நான் என் கையால் கட்டிய சுவர்தான்.