ஒன்பதாம் நம்பரின் முப்பத்தொன்பது நாள்

மகள்: ...அதனாலதான் சொல்றேன். நாளைக்கு லெட்டரைக் குடுத்துடறேன். எனக்கு சர்ஜரி வேணாம். எக்ஸ்ரே பார்க்கற பக்கம் போயிடறேன்.

அம்மா: பயிற்சி முடிய நாலு மாசம்தான் இருக்கு. இப்பப் போய்...

மகள்: நின்னு நின்னு கால் வீங்குதும்மா. அவ்வளவுதான்.

அம்மா: கால்தானா?

மகள்: கால்தான்.

அம்மா: சரி, காலை நீட்டி உக்காரு. அந்த நாற்காலி வேணாம், என் கிராஃப் இருக்கு. நாளைக்கு காலேஜ்ல குடுக்கணும். கை கழுவினியா?

மகள்: நாள் முழுக்க அதைத்தானே செய்யறேன்! ஐம்பத்திரண்டு வயசுல புள்ளியியல் எம்.எஸ்ஸி., அதுக்கு ஒரு வீட்டுப்பாடம்... கிளாஸ்ல உன்னை ஆன்ட்டின்னா கூப்பிடறாங்க?

அம்மா: கணக்குல சந்தேகம் வந்தா அக்கா. மத்த நேரம் ஆன்ட்டி. பேச்சை மாத்தாதே, இதைப் பாரு.

மகள்: என்ன இது, ஏறி இறங்கிக்கிட்டு...

அம்மா: உன்னை மாதிரி சர்ஜரி படிக்கிற பன்னிரண்டு பேரோட கணக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல, பேரும் கிடையாது. வெறும் நம்பர். ஆபரேஷன் நல்லா முடிஞ்சா கோடு கொஞ்சம் இறங்கும். சிக்கல் வந்தா சட்டுனு ஏறும்.

மகள்: சாப்பிட்டுட்டுப் பார்க்கறேனே...

அம்மா: ஒன்பதாம் நம்பரை மட்டும் பாரு. முப்பது ஆபரேஷன் வரைக்கும் எல்லாரையும் போலத்தான். முப்பத்தொண்ணாவது ஒரு பித்தப்பை கேஸ். நோயாளி மறுநாள் இறந்துட்டார்.

மகள்: சாப்பாடு ஆறுதும்மா.

அம்மா: அப்புறம் முப்பத்தொன்பது நாள் ஒண்ணுமே இல்ல. வெத்துக் கட்டம். பதிவு பண்றவங்க விட்டுட்டாங்கன்னு நினைச்சு, சராசரியைப் போட்டு நிரப்பிட்டேன்.

மகள்: அய்யோ! நடக்காத ஆபரேஷனை எல்லாம் நடத்திட்டியா?

அம்மா: மொத்தம் முப்பது! நானே கத்தி புடிச்சேன், எல்லாரும் பிழைச்சுட்டாங்க. காலேஜ்ல எங்க மேடம் பார்த்துட்டு சிவப்பு மையில சுழிச்சுட்டாங்க. "காணாமப் போனது நம்பர் இல்ல, ஆள். திரும்பி வந்தாங்களான்னு பாருங்க"ன்னாங்க.

மகள்: வந்தாங்களா?

அம்மா: வந்தாங்களாவா! அதுக்கப்புறம் இருநூத்தி ஆறு ஆபரேஷன். ஒண்ணுல கூட சிக்கல் இல்லடி! நூத்துக்கு நாலுல சிக்கல் வர்ற வேலை இது. வெறும் அதிர்ஷ்டத்துல இப்படி அமையணும்னா பத்தாயிரத்துல ரெண்டு தடவைதான் அமையும். நம்ப முடியாம மூணு தடவை போட்டுப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

மகள்: சுலபமான கேஸா வந்திருக்கும்.

அம்மா: அதையும் பார்த்தேன். மத்தவங்களுக்கு வந்த அதே மாதிரி கேஸ்தான். ஒண்ணு மட்டும் புரியல... போகப் போக எல்லாருக்கும் வேகம் கூடுது. இவங்களுக்கு மட்டும் ஒவ்வொண்ணும் பதிமூணு நிமிஷம் அதிகம். கை மந்தமாயிடுச்சோ?

மகள்: மந்தமா? மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு முடிச்சையும் திரும்பப் பார்க்கணும். உள்ளே கழுவி, துணியை வெச்சு, சிவப்பு ஊறுதான்னு காத்திருக்கணும். பின்னாடி சீனியர் "ஏய் ஆமை, இன்னுமா?"ன்னு கத்துவார். அசையாம நிக்கணும். அது என்ன சும்மாவா? ...அப்படி செய்வாங்களா இருக்கும். பொதுவா சொன்னேன்.

அம்மா: பொதுவா.

மகள்: ஆமா.

அம்மா: நாளைக்கு என் வயித்தைக் கிழிக்கணும்னா...

மகள்: வாயைக் கழுவும்மா!

அம்மா: கிழிக்கணும்னா, ஒன்பதாம் நம்பர் வந்தாத்தான் படுப்பேன். நான் சொல்லல, கணக்கு சொல்லுது.

மகள்: கணக்குக்கு என்ன தெரியும்? திங்கக்கிழமை அதே பித்தப்பை ஆபரேஷன் இருக்குன்னு தெரியுமா? பக்கத்துல சீனியர் கிடையாது, தனியா... அன்னைக்கு நழுவின அதே முடிச்சை மறுபடி போடணும்னு தெரியுமா?

அம்மா: தெரியாது. பயமா இருக்கா?

மகள்: உள்ளே நிக்கறப்ப இல்ல. முந்தின நாள் முழுக்க பயம்தான்.

அம்மா: இருநூத்தி ஆறு தடவையுமா?

மகள்: ஒவ்வொரு தடவையும்.

அம்மா: அந்தப் பயத்தோடயா போய் நின்னாங்க? அம்மாடியோ... இது என் கிராஃப்ல தெரியவே இல்லையே! நான் என்னமோ பயமே இல்லாத ஆளுன்னு நினைச்சு அசந்துக்கிட்டிருந்தேன். இது அதைவிடப் பெருசுடி.

மகள்: ம்மா... அழாதே. கிராஃப் நனையுது.

அம்மா: நனையட்டும். இன்னொண்ணு எடுத்துக்கறேன்.

மகள்: ...லெட்டர் என் பைக்குள்ள இருக்கு. நீயே எடுத்துக் கிழிச்சுடு. திங்கக்கிழமை நான் போறேன்.

அம்மா: போ. நிதானமா செய். பதினாலு நிமிஷம்கூட எடுத்துக்க.

மகள்: அந்த ஒன்பது நான்தாம்மா. முப்பத்தொன்பது நாளும் காய்ச்சல்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டு ரூமுக்குள்ளயே கிடந்தேன்.

அம்மா: தினம் உன் நெத்தியில கை வெச்சுப் பார்த்தவ நான். ஒரு நாள்கூட சுடலையேடி.