ஒன்பது கிலோமீட்டர் துரத்தல்

பழைய கார்த் துரத்தல் படங்களில் எனக்குள்ள முதல் குறை, அவற்றில் யாரும் ஹோன் அடிப்பதில்லை என்பதுதான். எத்தனையோ வளைவுகள் வருகின்றன. திருடனும் பொலிஸும் ஒரு தடவைகூட ஹோனில் கை வைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி ஓட்டினால் முதல் வளைவிலேயே தேயிலைக் கொழுந்து லொறியின் முகப்பில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் தமிழில் சொல்வதை நீங்கள் சிங்களத்தில் எழுதுவதால், முடிவில் ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். பிழையுள்ள தாளில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.

பெயர் ஜோசப்பின். கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்டிவிசன் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தனியாக இருக்கிறேன். ஊரடங்கு நாட்களில் எல்லோரும் கேக் செய்யப் பழகியபோது நான் பழைய துரத்தல் படங்கள் பார்க்கப் பழகினேன். பிறகு அவற்றைப் பற்றிப் பேசி, கைபேசியில் படம்பிடித்து, முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். அரை நூற்றாண்டுக்கு முந்திய துரத்தல்கள் இன்றைய கண்ணுக்குத் தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்த்து, ஐந்து நட்சத்திரத்துக்கு இத்தனை என்று கொடுப்பேன். நான் இளகிய மனம் உள்ளவள் அல்ல. நேரான வீதியில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டுகிறவர்களுக்கு அரை நட்சத்திரம் குறைப்பேன். சேற்றில் டயர் கிறீச்சிட்டால் இன்னொரு அரை. முன்னால் போகிற அதே பச்சைக் காரை நாயகன் நான்கு தடவை முந்திச் செல்லும் ஒரு படத்துக்கு ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தேன். வெறும் அட்டைப் பெட்டிகளைக் கட்டடம் போல அடுக்கிவைத்து அதற்குள் காரை விடுவதைப் பற்றி ஒரு பதிவே தனியாகப் போட்டிருக்கிறேன். அந்தப் பெட்டிகளை அங்கே யார் அடுக்கினார்கள், எதற்காக அடுக்கினார்கள் என்று எந்தப் படமும் சொல்வதில்லை.

ஆனாலும் அந்தப் படங்களுக்காக நான் வாதாடினேன். இன்றைய படங்களில் கார்கள் கணினிக்குள் பறக்கின்றன. அன்று இரும்பு நிஜம், வீதி நிஜம், ஓட்டியவருக்கு உயிர்ப்பயம் நிஜம். ஆகவே அவை இன்றைக்கும் நிற்கும். இதுதான் என் கட்சி.

ஜீவராஜை அங்கேதான் கொண்டுவர வேண்டும். ஜீவராஜ் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டியவர். முப்பத்தொரு வயது. மனைவி பிரேமினி எட்டாம் மாதம். அதற்கு முந்திய வருடம் பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதனால் இந்த முறை ஜீவராஜ் தோட்டத்து அம்மன் கோயிலிலிருந்து மாதா கோயில் வரை எல்லா இடத்திலும் மெழுகுதிரியும் கற்பூரமும் கொளுத்தியிருந்தார். நல்ல மனிதர். எனக்கு அவர் மேல் எந்தக் கோபமும் கிடையாது என்பதைத் தயவுசெய்து தனி வரியில் எழுதுங்கள்.

அவர் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வேனுக்குள் இருந்து என் பதிவுகளைப் பார்ப்பார். ஒருநாள் ஸ்டாஃப் ரூம் ஜன்னலருகில் வந்து நின்றார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நீங்க நாலர ஸ்டார் குடுத்தீங்களே, அந்தக் காருக்கு எத்தன கியரு? நான் எண்ணிப் பாத்தேன். பதினோரு தடவ மேல மேல மாத்துறான். அது காரா, ஏணியா?”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அதுகூடப் போகட்டும் டீச்சர். அவன் மொகத்தப் பாருங்க. நிமிசத்துக்கு ஒருக்கா கண்ணாடியப் பாக்குறான். நெசமா ஓடுறவன் கண்ணாடியப் பாக்க மாட்டான். அவனுக்கு முன்னாடி இருக்கிறதுதான் தெரியும். இவன யாரும் தொரத்தல. கெமராக்காரன்தான் தொரத்துறான்.”

“அப்ப நீங்க நடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்போல” என்றேன்.

“நடிச்சா வராது டீச்சர். அதத்தானே சொல்றேன்.”

அதையே அன்று மாலை என் பதிவுக்குக் கீழேயும் எழுதினார். அவருடைய மூன்று வரிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு விருப்பங்கள் விழுந்தன. என்னுடைய பதினாறு நிமிடத்துக்கு நாற்பது. பொறாமைதான் காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்து, என் மனதை ஒரு வாரம் நிதானமாகச் சோதித்துப் பார்த்தேன். பொறாமை இல்லை. அவமானமும் இல்லை. தேடத் தேடக் கிடைத்தது ஒரு நன்றியுணர்வு மட்டுமே. எனக்குத் தெரியாத ஒன்றை ஒரு வேன் சாரதி எனக்குக் கற்பித்திருந்தார். அவர் சொன்னது சரியா என்று பார்ப்பதுதான் ஒரு மாணவி அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை.

ஆனால் நடித்தால் வராது. அதையும் அவரே சொல்லிவிட்டார்.

நான் திட்டமிட்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலை பதினொரு மணியைத் தெரிவு செய்தேன். அந்த நேரம் வேனில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். பிள்ளைகளை வைத்து இப்படிச் செய்வது ஒழுக்கமல்ல. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்தேன், அன்று கீழே சந்தைக்குப் போகிறவர்கள் வீதியில் நடப்பார்கள். வியாழக்கிழமையை எடுத்தேன். அது பிரேமினிக்கு நுவரெலியாவில் கிளினிக் நாள். அவளும் அவளுடைய அம்மாவும் காலையிலேயே பஸ்ஸில் போய்விடுவார்கள். கிளினிக்கில் வரிசையில் இருக்கும்போது அவள் கைபேசியை நிறுத்திவைப்பாள் என்று ஜீவராஜே ஒருதடவை குறைப்பட்டுக்கொண்டார்.

என்னிடம் ஒரு சிறிய கார் இருக்கிறது. முன்கண்ணாடியில் கெமரா பூட்டியிருக்கிறேன். லீவு போட்டுவிட்டு, பாடசாலைக்கு மேலே உள்ள திருப்பத்தில் காரை நிறுத்தி, புதிய சிம் ஒன்றிலிருந்து அவரை அழைத்தேன். ஆஸ்பத்திரித் தாதி பேசுவதுபோல் சிங்களத்தில் பேசினேன். ஜீவராஜுக்குச் சிங்களம் நன்றாகவே வரும், ஆனால் பயந்த மனிதனுக்கு எல்லாச் சொல்லும் தேவைப்படுவதில்லை. பிரேமினியின் பெயர், வாட்டின் இலக்கம், ‘இக்மனட்ட’ என்ற ஒரு சொல். சீக்கிரம் வா என்பதற்கு அது போதும். அவர் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. “எனவா, எனவா” என்று மட்டும் சொன்னார். வருகிறேன், வருகிறேன்.

மேல்டிவிசனிலிருந்து நுவரெலியாப் பாதையிலுள்ள கந்தப்பளை டவுனுக்கு ஒன்பது கிலோமீட்டர். பாதிக்கு மேல் தோட்டத்து வீதி. சாதாரண நாளில் முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். உள்ளபடி சொன்னால், துரத்தல் என்ற வகையில் அதன் ஆரம்பம் சோர்வானது. குழிகள் நிறைய. ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் மணிக்கு பதினெட்டு கிலோமீட்டரில் போனோம். தொழிலாளர் லயத்து நாய் ஒன்று நடுவீதியில் படுத்திருந்தது, அவர் அதைச் சுற்றிப் போனார், நானும் சுற்றிப் போனேன். நாய் எழும்பவில்லை. எந்த நெறியாளராக இருந்தாலும் அதை வெட்டியிருப்பார். நான் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது கிலோமீட்டரில் வேகம் வந்தது. மூடுபனி தேயிலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பிரேக் விளக்குகள் சிவப்பாகப் பனிக்குள் கரைவதும் மீண்டும் எரிவதும் மிக அழகு. ஒவ்வொரு வளைவிலும் அவர் ஹோன் அடித்தார். அவ்வளவு அவசரத்திலும் ஒரு வளைவைக்கூட விடவில்லை. மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாத ஒருவர், எதிரே வரப்போகும் தெரியாத மனிதருக்கு ஹோன் அடிக்கிறார். அப்போது என் கண்கள் நனைந்தன. நான் உணர்ச்சியற்றவள் என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவர் ஒரு தடவைகூடக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் காரை அடையாளம் கண்டு கை காட்டியிருப்பார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதை என் பக்கத்தில் பெயர் குறிப்பிட்டு ஒப்புக்கொள்வதாக அந்த இடத்திலேயே தீர்மானித்தேன்.

முனியாண்டி கோயில் வளைவுக்கு வருகிறேன். உங்களுக்கு வேண்டியது இதுதான் என்று தெரியும். அவர் ஹோன் அடித்தார். கீழிருந்து பதில் ஹோன் வந்தது. கொழுந்து லொறி. சிவசாமி என்பவர் ஓட்டுவது. அவரையும் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். மலையில் ஏறி வருகிற வாகனத்துக்கு இறங்குகிற வாகனம் வழிவிட வேண்டும், அது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும், இவ்வளவு அவசரத்தில் இருக்கும் மனிதர் அன்றைக்கு ஒருநாள் வழிவிடாமல் நுழைந்துவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். துரத்தல் என்றால் அதுதானே. அவர் நுழையவில்லை. பிரேக்கை மிதித்து, பள்ளத்துப் பக்கமாக வேனை ஒதுக்கி, நிறுத்தினார். லொறி உறுமிக்கொண்டு ஏறியது. சிவசாமி கை உயர்த்தினார். ஜீவராஜும் கை உயர்த்தினார். கெமராவில் தெளிவாக இருக்கிறது.

லொறி என்னைக் கடந்து அடுத்த வளைவில் மறைந்த பிறகுதான் வீதியின் ஓரம் உடைந்தது. போன வருடத்துப் பெருமழையில் அந்த ஓரத்துக்குக் கீழே மண் குடைந்து போயிருந்தது. தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிய முறைப்பாட்டில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பிரதி இருக்கிறது. ஆகவே வேன் விழும்போது அதன் வேகம் பூச்சியம். நின்ற வாகனம் விழுந்ததற்கு வேகமாக ஓடச் செய்தவள் எப்படிப் பொறுப்பாவாள் என்று யோசித்துப் பாருங்கள். அவர் விழுந்தது துரத்தலால் அல்ல, மரியாதையால். இதைக் காட்டத்தான் அந்தக் கெமராப் பதிவை நானாகவே இங்கே கொண்டுவந்து தந்தேன்.

வேன் மூன்று தட்டுத் தேயிலையைத் தாண்டி, ஒரு யூகலிப்டஸ் மரத்தில் சாய்ந்து நின்றது. தீப்பற்றவில்லை. படங்களில் மலையிலிருந்து விழும் எல்லா வாகனமும், சில வேளை மண்ணைத் தொடும் முன்பே, வெடிக்கிறது. அது மட்டும் இன்றைக்கு நிற்கவே நிற்காது என்று அன்று கண்ணாலேயே கண்டேன். தேயிலைச் செடி முறியும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அந்தப் படங்களின் ஆகப் பெரிய குறை ஒன்றும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கார் விழுந்ததும் வெட்டிவிடுவார்கள். அடுத்த காட்சியில் நாயகன் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். விழுந்தவனிடம் யாரும் இறங்கிப் போவதில்லை. நான் போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மறுகையில் கைபேசியைப் பிடித்தபடி போனேன். கெமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் வெட்டவில்லை.

அவர் விழித்திருந்தார். இடுப்புக்குக் கீழே ஸ்டியரிங்கும் இருக்கையும் ஒன்றாகியிருந்தன. என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

“டீச்சரா? கடவுள்தான் அனுப்பியிருக்கு.”

“பேசாதீங்க ஜீவராஜ்.”

“எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். பிரேமினி ஆஸ்பத்திரியில. வரச் சொன்னாங்க. என்னாச்சுன்னு தெரியல. ஒரு போன் போட்டுக் கேளுங்க டீச்சர்.”

அவர் அம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுத வேண்டும். அவர் கேட்டது மனைவியைப் பற்றி மட்டும்தான். அங்கே சிக்னல் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. நான் கைபேசியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, பேசுவதுபோல் பேசினேன். பிறகு சொன்னேன்.

“தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. ஆம்பளப் புள்ள.”

“நெசமாவா டீச்சர்?”

“நெசமா.”

“அழுதுச்சா? போன தடவ அழவே இல்ல டீச்சர்.”

“நல்லா அழுதுச்சாம். வாட்டுக்கே கேட்டுச்சாம்.”

“எட எவ்வளவாம்?”

“ரெண்டு கிலோ எண்ணூறு.”

“கொறமாசத்துக்கு அது நல்ல எட இல்லையா டீச்சர்” என்றார். நல்ல எடை என்றேன்.

என்னைப் பொய்க்காரி என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அவருக்கு அந்தப் பயத்தைக் கொடுத்தவள் நானே. அதை எடுக்க வேண்டியவளும் நானே. எடுக்காமல் விட்டிருந்தால்தான் அது கொடுமை. பதினெட்டு நிமிடம் அவர் பக்கத்தில் இருந்தேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்றுகூட அவர் யோசித்தார். இரண்டு பெயர் சொன்னார். எனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். அதற்கு மேல் அவருடைய குரல் பதிவில் தெளிவாக இல்லை.

பிரேமினி வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். அவளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அவளிடம் இந்த வாக்குமூலத்தைக் காட்டுவதைவிட அந்தப் பதினெட்டு நிமிடத்தைக் காட்டுவது நல்லது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் பார்த்திருக்கிறேன். ஒரு நடிகரிடமும் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. துளி நடிப்பில்லை. அது கலைந்துவிடக் கூடாது என்றுதான் அம்புலன்ஸைப் பிறகு கூப்பிட்டேன்.