பேர் வெட்டினவங்க

இரவு எட்டு மணி இருக்கும். கந்தப்பளையில் பஸ்ஸை விட்டிறங்கினால் தோட்டத்து ஆபீசுக்கு ஒரே ரோடுதான். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். மூடுபனியில் கால் வைக்கிற இடம்கூடத் தெரியாது... நம்ம கூட்டாளி துஷாந்தின் சித்தப்பா மகன் திலக்ஷன் தனியாக நடந்தான். ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை அவனுக்கு. பழைய மெஷினில் உள்ளதை விடிவதற்குள் புதியதற்கு மாற்ற வேண்டும். தோட்ட மேனேஜர் பெரிய துரையின் உத்தரவு.

பின்னாலேயே வெற்றிலை, புகையிலை வாசம். திரும்பிப் பார்த்தான். ஆளில்லை. ஆனால் வாசம் யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

போன கார்த்திகை மழையில் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான ஏழாம் லயத்தின்மேல் மலை சரிந்தது. தோண்ட வந்த ஆமிக்காரர்கள், உள்ளே யார் யார் என்று கேட்டார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கோப்புறை உண்டு. பெயரோடு லயத்து நம்பரும் இருக்கும். வேலை விட்டுப் பேர் வெட்டியவர்களுக்குக் கடைசியில் 'வெட்டு' என்று ஓர் ஒட்டு. கறுப்புத் திரையில் 'எல்எஸ்' என்று அடித்தால் எல்லாக் கோப்புறையும் வரிசையாக வரும். 'கிரெப்' சல்லடை மாதிரி, கேட்டதை மட்டும் விடும். 'மைனஸ் வி' சேர்த்தால் சொன்னதைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் காட்டும்.

"பேர் வெட்டுனவங்கள தூக்கிடுடா. வேலையில இருக்கவங்க மட்டும் போதும்," என்றார் கிளாக்கர் ஜெயகாந்தன்.

"ஐயா, லயத்துக் கடைசிக் காம்பராவுல காளியாயி தனியா இருக்கு..."

"நேரமில்ல. அடி."

அடித்தான். காளியாயி சல்லடையில் நின்றுபோனாள்.

லிஸ்ட்டில் இருந்தவர்கள் கிடைத்ததும் தோண்டுவது நின்றது. கொழும்பிலிருந்து காளியாயியின் மகள் ஜீவராணி ஓடி வந்தாள். "எங்கம்மா உள்ளதான் இருக்காங்க, தோண்டுங்க!" லிஸ்ட்டைக் காட்டினார்கள். திலக்ஷன் பக்கத்தில்தான் நின்றான். வாய் திறக்கவில்லை. கடைசியில் லயத்து ஆட்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள். காளியாயி கதவோரம் குந்தியிருந்தாள். உடம்பில் காயமில்லை. விரல்களில் நகம் மட்டும் இல்லை. கதவு முழுக்கக் கீறல்...

மூடுபனியில் தனியாக நடந்து வந்த அந்த இரவு ஆபீசைத் திறந்தான். காளியாயியின் வெற்றிலை வாசமும் கூடவே உள்ளே வந்தது. மாற்ற வேண்டிய பெயர்களைப் பார்க்க அதே கட்டளையை அடித்தான். பேர் வெட்டினவர்களைத் தள்ளிவிட்டு வந்த வரிசையில் முதல் பெயர், காளியாயி. எழுத்துப் பிழையா? இல்லை. 'வெட்டு' கடைசியில் சரியாகவே இருந்தது. திரும்ப அடித்தான். திரும்பவும் அவள்.

அந்தக் கோப்புறையை அழிக்கப் பார்த்தான். 'காலியாக இல்லை' என்றது திரை. அதற்குள் போய் எல்எஸ் அடித்தான். ஒன்றுமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்... கிர்ச்... கிர்ச்...

புள்ளியில் தொடங்கும் பெயர்களை எல்எஸ் மறைத்துவிடும். 'மைனஸ் ஏ' போட்டால்தான் காட்டும். போட்டான்.

மடமடவென்று பெயர்கள். பேர் வெட்டியும் போக்கிடமில்லாமல் லயங்களிலேயே கிடக்கிற கிழடுகள் அத்தனை பேரும்... தேதி பார்க்க 'மைனஸ் எல்' சேர்த்தான். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. இன்னும் வராத தேதி. நடுவில் பொன்னையா. அவன் அப்பா.

காலையில் கிளாக்கர் பார்த்தபோது அந்தக் கோப்புறையில் ஒன்றும் இல்லை. "தூக்கமில்லாம பெனாத்துற," என்றார்.

திலக்ஷன் லயம் லயமாக ஓடினான். "எறங்கிப் போயிருங்க!"

"எங்கடா போறது?" என்றாள் வீரம்மா. அவள் பெயரும் திரையில் இருந்தது. "ஒரு பேர்ச் காணி தந்தானுங்களா? ஒரு கூரை தந்தானுங்களா? சொல்லு, போறோம்."

அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு ஹட்டனில் மூன்றாம் மாடியில் ஓர் அறை எடுத்தான்.

பொன்னையா நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். காலையில் போர்வையை உதறும்போது மட்டும்... ஈர மண் கொட்டுகிறது. நேற்று அதில் ஒரு தேயிலை வேர் கிடந்ததாம்.