பரப்பு வரிசை

"ஒங்க நெல்லச் சோறாக்குனா எப்படி இருக்கும், அதச் சொல்லுங்க மொதல்ல..."

"ருசிய விடுங்க இருளப்பசாமி. குலை நோய் வந்தா..."

"...கஞ்சி வச்சா கோந்து கணக்கா ஒட்டுதாம்லா, ஆபீசரம்மா. போஸ்டர் ஒட்டத்தான் ஆகும்."

"...வயல் பூரா கருகிப் போகும்னு சொல்றேன்."

"எங்கய்யா காலத்துலயே வராத நோயி இப்பவா வரப்போவுது?"

வன்னியம்பட்டியில் பக்கத்து வயல்காரர் இருளப்பசாமிக்கும் எனக்கும் இருந்த சண்டை இவ்வளவுதான், இன்ஸ்பெக்டர் தம்பி. சோற்றின் ருசி. வேறு பகை கிடையாது.

நான் நெல் ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்றவள். குலை நோயைத் தாங்கும் மரபணு ஒன்றைக் காட்டு நெல்லிலிருந்து எடுத்து என் ரகத்துக்குள் கொண்டுவந்தேன். ஒற்றை மரபணுவை நம்பாதீர்கள், நோயைக் கொண்டுவரும் பூஞ்சை மாறிக்கொள்ளும், இன்னும் இரண்டைச் சேருங்கள் என்றான் பாலகணேஷ். என்னிடம் படித்தவன்தான். படிப்பு சிலருக்குப் பயத்தை மட்டுமே கொடுக்கிறது.

என் சிக்கல் வேறு. ஊருக்கு நோயே வரவில்லை. என் நெல்லும் அவர் நெல்லும் ஒன்றுபோலப் பச்சையாக நின்றன. சிரித்தார்கள்.

சோதனைத் திடலில் ஒரு வழக்கம் உண்டு. நோய் எளிதில் தொற்றும் ரகத்தைச் சுற்றிலும் நடுவோம். பரப்பு வரிசை என்று பெயர். அது கருகினால்தான் நடுவில் நிற்பதன் தகுதி தெரியும். அந்த வரிசைக்காக யாரும் அழுவதில்லை.

பிளவக்கல் பக்கம் நோய் கண்ட இலைகளைப் பறித்து வந்தேன். ராஜபாளையத்து வீட்டில் கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சையை வளர்த்தேன். மார்கழிப் பனி இறங்கும் ஒரு மாலையில் அவர் வயலில் தெளித்தேன். ஒளிந்து செய்யவில்லை. அவரே வரப்பில் நின்றார்.

"என்னம்மா தெளிக்கீக?"

"பயிருக்குச் சத்து."

"நம்ம வயலுக்குமா? எம்புட்டு நல்ல மனசு ஒங்களுக்கு. நாந்தான் என்னமோ பேசிட்டேன்."

கும்பிட்டார். இந்த மனிதர்தான் என் நெல்லுக்குத் தீர்ப்பு சொன்னவர்.

இலைகளில் கண் வடிவில் புள்ளிகள் விழுந்தன. பிறகு கதிர்கள் கழுத்தில் கருகிப் பதராயின. என் வயல் அப்படியே நின்றது. அவர் கடைக்காரன் கொடுத்த மருந்தையெல்லாம் ஒன்றாகக் கலந்து, மூக்கில் துணி கட்டாமல், எதிர்க்காற்றில் அடித்தார். வரப்பில் விழுந்தவர் எழவில்லை. கலக்காதீர்கள் என்று நான் சொல்லியிருந்தேன். கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அவர் மனைவி மகாலட்சுமி, காரியம் முடிந்த கையோடு என் வாசலுக்கு வந்தாள்.

"அவிய ஒங்க பேச்சக் கேக்கல. எங்களுக்காச்சும் வெதை தாங்கம்மா."

கொடுத்தேன். இந்தப் போகம் ஊர் முழுக்க என் நெல்தான்.

இதையெல்லாம் நான் வருத்தத்தில் சொல்லவில்லை. இந்த நோயை ஒரு ஆள் கையால் தெளிக்க முடியும் என்று உங்களுக்கு விளங்க வேண்டும், அதற்காகத்தான். ஏனென்றால் இன்று காலை என் வயலில் அதே கண் வடிவப் புள்ளிகள். மகாலட்சுமி வயலிலும், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வயல்களிலும். பூஞ்சை மாறிவிட்டது என்று பாலகணேஷ் போனில் உளறுகிறான். என் மரபணு உடையாது. நான் புகார் கொடுக்க வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

"எவனோ ஒரு பாவி வேணும்னே தெளிச்சிருக்கான், தம்பி. மொதல்ல அவனப் பிடிங்க."