அரைநாள் முந்திய துக்கம்

எனக்குச் சாவு வீட்டுக்குப் போவது பிடிக்கும். மேற்கு அயர்லாந்தில் அரசியல் செய்கிறவனுக்கு அது பிடித்துத்தான் ஆக வேண்டும். கில்பராக்கில் வக்கீல் பலகை மாட்டிய நாள் முதல் ஒரு சாவையும் நான் விட்டதில்லை. கறுப்புக் கோட்டு காரிலேயே கிடக்கும். வரிசையில் நின்று, வீட்டாரின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "உங்க துக்கம் என் துக்கம்" என்று சொல்லி, கொடுக்கிற தேநீரைக் குடித்துவிட்டு வருவேன். இப்படித்தான் மூன்று தேர்தலில் ஜெயித்தேன், இன்ஸ்பெக்டர்.

செத்தவர்களும் எனக்கு ஓட்டுப் போட்டார்கள். வாக்காளர் பட்டியலில் யார் பெயரை இன்னும் அடிக்கவில்லை என்பது அடக்கத்துக்குப் போகிறவனுக்குத்தானே தெரியும். நான் பெயர் சொல்வேன். என் தேர்தல் ஏஜென்ட் பார்ட்லி ஹெஷன் ஆள் பிடித்து அனுப்புவான்.

பிறகு என்னை மாவட்ட நீதிமன்றப் பதிவாளராக நியமித்து உத்தரவு வந்தது. அந்த வாரம் பார்த்தா பார்ட்லிக்கு மனசாட்சி விழிக்க வேண்டும்? அவனிடம் சொல்லாமல் நான் வேறு ஆள் வைத்து, செத்துப்போன அவன் தாயாரின் பெயரிலும் ஓட்டுப் போட்டிருந்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. சதுப்பு நிலத்தில் அடுப்புக்குக் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தவனைப் பார்க்கப் போனேன்.

"எங்கம்மாவையுமாய்யா? போதும். திங்கக்கெழம ஜட்ஜுகிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

"திங்கக்கெழமதானே," என்றேன்.

அவன் குனிந்தபோது தள்ளினேன். வெட்டிய குழியில் கறுப்புத் தண்ணீர் நிறைய இருந்தது. மண்வெட்டிக் காம்பால் சிறிது நேரம் அழுத்த வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் அவன் வீடு. அவன் மனைவி ஊனா, கையெல்லாம் மாவாக வாசலில் நின்று கையசைத்தாள். நிற்காமல் போனால் சந்தேகப்படுவாளே என்று பயந்து காரை நிறுத்தினேன். பழக்கதோஷம், இறங்கியதும் என் கைகள் தாமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டன. "உங்க துக்கம் என் துக்கம்மா," என்றேன்.

"என்ன துக்கம், வக்கீலய்யா?" என்று சிரித்தாள். "அடுத்த தேர்தலுக்கு இப்பவே ஒத்திகையா?"

நானும் சிரித்தேன். மாலையில்தான் பார்ட்லியை எடுத்தார்கள். கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள்.

மறுநாள் நான் போகாமல் இருக்க முடியுமா? வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அவள் என் கையை விடவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி, "இது ரெண்டாவது தடவ, வக்கீலய்யா," என்றாள்.

அன்றோடு என் தூக்கம் போயிற்று. அதையே அவள் ஊர்க் கடையில் சொன்னாள், பாதிரியாரிடம் சொன்னாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் உச்சுக்கொட்டியது. அந்தப் பேச்சை எழுத்தில் போட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அவளை மருத்துவமனையில் அடைக்கக் கோரும் மனுவை நானே எழுதினேன். டாக்டர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவள் தம்பியும் போட்டான். அவனுக்கு நிலம் வேண்டியிருந்தது, எனக்குத் தூக்கம்.

மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோன காரில் நானும் உட்கார்ந்திருந்தேன். அவள் உடம்பு வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. என் போர்வையைப் போர்த்திவிட்டேன்.

"நான் பைத்தியமில்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா," என்றேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருபத்தாறு வருடம். மாதம் ஒருமுறை அங்கிருந்து எனக்குக் கடிதம் வரும்: 'மாற்றமில்லை, சாவுக்கு முன்பே வக்கீல் துக்கம் கேட்டார் என்றே சொல்கிறாள்.' அதைப் படித்த பிறகுதான் இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

போன வாரம் அவள் இறந்துவிட்டாள். போனேன். மருத்துவமனைக் கல்லறையில் ஒரு நர்ஸ் மட்டும் நின்றிருந்தாள். கையை நீட்டினேன். அவள் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க வருவீங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. கைய மட்டும் குடுத்துடாதேன்னாங்க."

அந்த நர்ஸ் ஊனாவை நம்பியிருக்கிறாள். இன்னும் எத்தனை பேர் நம்பினார்களோ என்று நினைத்து மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை. நீங்கள் வந்து தட்டுவதற்குள் நானே வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். யோசித்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் நான் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுக்கு அரைநாள் முந்திப் போய்விட்டேன்.