இருட்டிலும் எடுக்கிற கேமரா

ஒனீக்கா: இன்னிக்கு ராத்திரி டான்ஸ் கூட்டத்துல அந்த லைட்டப் போடாதீங்க மாமா.

எவரால்ட்: என்னது?

ஒனீக்கா: காதுல விழுந்துச்சுல்ல? உங்க வீடியோ கேமரா மேல எரியற லைட்டு. இன்னிக்கு வேணாம். இனிமேலும் வேணாம்.

எவரால்ட்: ஷெரீன்! ஏ ஷெரீன்! உன் தங்கச்சி என்ன பேசறான்னு வந்து கேளு.

ஷெரீன்: தலைக்குச் சாயம் அடிச்சிட்டு இருக்கேன் மாமா! அங்கேருந்தே சொல்லுங்க!

எவரால்ட்: லைட்டப் போடக்கூடாதாம்!

ஷெரீன்: யாரு சொன்னா?

எவரால்ட்: பட்டதாரி சொல்றாங்க!

ஷெரீன்: ஏய் ஒனீக்கா... அம்மா மயாமிக்கு ப்ளேன் ஏறறப்ப என்னடி சொல்லிட்டுப் போச்சு? மாமாகிட்ட சோறு கேளு, செருப்பு கேளு, லைட்டப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதேன்னு சொல்லல?

ஒனீக்கா: சொல்லுச்சு. அதனாலதான் இத்தனை நாள் பொத்திக்கிட்டு இருந்தேன்.

எவரால்ட்: அந்த லைட்டுலதான்டி நீ படிச்ச. நம்ம வம்சத்துல மொத மொத காலேஜ் படி ஏறினவ நீ. எதுல ஏறின? தெருத்தெருவா, டான்ஸ் டான்ஸா இந்தத் தோள்ல நான் சுமந்தேனே, அந்தச் சூட்டுல ஏறின. இந்தா, இந்த எடத்துல முடிகூட மொளைக்கிறதில்ல, பாரு.

ஒனீக்கா: பாத்திருக்கேன் மாமா. தைலம் தேய்ச்சு விட்டதே நான்தான்.

எவரால்ட்: அப்புறம் என்ன திமிரு?

ஒனீக்கா: திமிருன்னே வெச்சுக்கங்க. இது என்னன்னு பாருங்க.

எவரால்ட்: கேமரா... புதுசா? அடிப்பாவி! அந்த கால் சென்டர்ல உக்காந்து அமெரிக்காக்காரன் திட்டினதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கிட்டியே, அது இதுக்குத்தானா?

ஒனீக்கா: என் பழசையும் வித்துட்டேன். அதுல, மேடைல பாடறவர எடுத்தா மூஞ்சில மணல அள்ளிக் கொட்டின மாதிரி வரும். பல்லும் கண்ணும் மட்டும் தெரியும். மீதி ஆளு எங்கன்னு தேடணும்.

எவரால்ட்: அதுக்குத்தானே லைட்டு! நான் தலைதலையா அடிச்சிக்கிறேன். கேமராவுக்குக் கறுப்பு புடிக்காதும்மா. அது வெள்ளக்காரன் மூஞ்சிக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டை. நமக்குப் பத்தாது. நம்ம மேல வெளிச்சத்தக் கொட்டினாதான் நாம இருக்கோம்னே அதுக்குத் தெரியும்.

ஒனீக்கா: இதுக்குக் கொட்ட வேணாம். சன்னலச் சாத்துங்க.

எவரால்ட்: எதுக்கு?

ஒனீக்கா: சாத்துங்களேன். கதவையும். ஃப்ரிட்ஜ மட்டும் லேசாத் தொறந்து வைங்க... இன்னும் கொஞ்சம் சாத்துங்க... போதும். அக்கா, இங்க வா.

ஷெரீன்: எங்கடி வர்றது? ஒண்ணுமே தெரியல. ஆ! இந்த ஸ்பீக்கர் பொட்டிய நடுவுல யாரு வெச்சது? கால்ல...

ஒனீக்கா: அங்கயே நில்லு.

ஷெரீன்: எடுக்கப் போறியா? ஏய், சாயம் வழியுதுடி, நில்லு, தொடச்சிக்கிட்டு...

ஒனீக்கா: எடுத்தாச்சு.

ஷெரீன்: எப்ப? சத்தமே வரல!

ஒனீக்கா: இதுக்குச் சத்தம் கெடையாது.

எவரால்ட்: இங்க குடு. என் கண்ணாடி எங்க... அட! இது இப்ப எடுத்ததா? இந்த இருட்டுலயா? பொடிப்பொடியா ஒண்ணுகூட இல்லியே! நெத்தில வழியற சாயம் அப்படியே சொட்டா நிக்குது! என்ன லென்ஸு?

ஒனீக்கா: அம்பது எம்எம்தான். சென்சர் பெருசு மாமா. இருக்கிற வெளிச்சத்த அது நக்கி எடுத்துக்கும்.

எவரால்ட்: நான் தோள் குடுத்த காலத்துல இது வந்திருந்தா... ம். என் முதுகு மிஞ்சியிருக்கும்.

ஷெரீன்: எங்கிட்டயும் காட்டுங்க... யாரு இது?

எவரால்ட்: நீதான்.

ஷெரீன்: போங்க மாமா. நான் இப்படியா... கன்னத்துல என்ன, வெந்த மாதிரி? இந்தக் காது வேற யாருதோ மாதிரி... கழுத்துல ஒரு நெறம், தாடையில ஒரு நெறம்... அழி.

ஒனீக்கா: அக்கா...

ஷெரீன்: அழிடி அத!

ஒனீக்கா: அழிச்சிட்டேன். பாத்துக்க, போயிடுச்சு. கன்னத்துல இருக்கறத என்ன பண்ணப் போற?

ஷெரீன்: உன் கேமராதான் சரியில்ல. மாமா லைட்டுல நான் இப்படித் தெரிய மாட்டேன்.

ஒனீக்கா: தெரியாது. அது எல்லாத்தையும் ஒரே வெள்ளையா அடிச்சுத் தள்ளிடும். புண்ணு, தழும்பு, செவந்தது, வெந்தது, எல்லாம் ஒண்ணு. அந்தத் தைரியத்துலதான நீ தோல் வெளுக்கற க்ரீம டப்பா டப்பாவாப் பூசற?

எவரால்ட்: சரி சரி. பொம்பளைங்க க்ரீம் பூசறதெல்லாம் உங்க பாடு. சன்னலத் தொற. பொழுது சாயுது, வண்டி வந்துடும்.

ஒனீக்கா: போன வாரம் இவ ஆட்டத்துல விழுந்து முட்டி கிழிஞ்சுதே, என்னாச்சுன்னு கேட்டீங்களா மாமா?

ஷெரீன்: அத இப்ப எதுக்குடி இழுக்கற?

எவரால்ட்: தையல் போட்டாங்கன்னு சொன்னா.

ஒனீக்கா: சொல்லுக்கா. தையல் போட்டாங்களா?

ஷெரீன்: சாயம் காயுது, நான் போறேன்.

ஒனீக்கா: நான் பக்கத்துலதான் நின்னேன். நர்ஸம்மா ஊசியக் குத்தி இழுக்க இழுக்க, தோல் ஈரக் காயிதம் மாதிரி கிழிஞ்சுக்கிட்டே வந்துச்சு. திரும்பக் குத்தினாங்க. திரும்பக் கிழிஞ்சுது. கடைசில ஊசிய வெச்சுட்டு என்னப் பாத்துக் கேட்டாங்க, இந்தப் பொண்ணு எத்தன வருஷமாப் பூசுதுன்னு.

எவரால்ட்: தையலு... நிக்கலையா?

ஒனீக்கா: பிளாஸ்திரி போட்டு ஒட்டி அனுப்பிட்டாங்க. டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? நாளைக்கு இவளுக்கு வயித்த அறுத்துப் பிள்ளை எடுக்கணும்னா, அறுக்கலாமாம். மூடறது கஷ்டமாம்.

எவரால்ட்: ஷெரீன்... நெசமா?

ஷெரீன்: டாக்டருங்க பயமுறுத்துவாங்க.

எவரால்ட்: ஏம்மா, நானா பூசச் சொன்னேன்? என்னப் பாத்து ஏன் கத்தற? நான் லைட்டப் புடிக்கிறவன். அவ்ளோதான்.

ஒனீக்கா: "லைட்டு உன் மேல நிக்க மாட்டேங்குது ஷெரீன், வழுக்கிட்டுப் போயிடுது"ன்னு சொன்னது யாரு?

எவரால்ட்: அது... தொழில் பேச்சு.

ஒனீக்கா: பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல நின்னுட்டு இருந்தா மாமா அவ! அன்னிக்கு சாயங்காலமே முட்டுச்சந்துக் கடையில மொத டப்பா வாங்கினா. நான்தான் கூடப் போனேன். ஒரு வாரம் கழிச்சு உங்க லைட்டு வந்து அவ மேல நின்னுச்சு. நின்னுச்சா இல்லியா?

எவரால்ட்: ...எடுப்பா இருந்தா. நின்னுச்சு.

ஒனீக்கா: அவ்ளோதான். அதுக்கப்புறம் யாரு நிறுத்தறது?

ஷெரீன்: போதும் நிறுத்துடி. யாரோ ஏமாந்தவளப் பத்திப் பேசற மாதிரி பேசற. நானாத்தான் பூசறேன். எனக்கு வேணும், பூசறேன்.

ஒனீக்கா: எதுக்கு வேணும்?

ஷெரீன்: உனக்கென்னடி. நீ ஆபீஸ்ல போய் நின்னா "வாங்க மிஸ்"ஸுங்கறான். நான் மார்க்கெட்ல வெங்காயத்தாள் கட்டி விக்கிறவ. பகல் பூரா என் முன்னாடி குனியறவன் கட்டத்தான் பாக்கறான், என்னப் பாக்கறதில்ல. ராத்திரி அந்த லைட்டு கூட்டத்தக் கிழிச்சுக்கிட்டு வந்து என் மேல நிக்கும் பாரு... எல்லாம் ஒதுங்குவான். சூப்புக்காரன் கரண்டிய அந்தரத்துல நிறுத்திட்டுப் பாப்பான். பாட்டு போடறவன் மைக்குல என் பேரச் சொல்லுவான். நீ மேடைல தொப்பி போட்டுக்கிட்டுப் பட்டம் வாங்கினல்ல, நான் அத ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாங்கறேன்.

ஒனீக்கா: தோலக் குடுத்து வாங்கற.

ஷெரீன்: என் தோலுதான?

எவரால்ட்: கேட்டியா? இனிமே எங்கிட்ட வராதே. நீ படிச்ச படிப்புக்கு, அவ வாய அடைக்க முடிஞ்சா அடைச்சுக்க.

ஒனீக்கா: சரி மாமா. ஒண்ணு கேக்கறேன். லைட்ட அணைச்சா வீடியோ வராது, அதானே உங்க கவலை? இந்தாங்க. என் கேமராவ எடுத்துக்கங்க. வீடியோவும் எடுக்கும். மேடை பல்பு வெளிச்சமே போதும். ஷெரீன் தெரிவா, பூசாதவளும் தெரிவா, மூலைல சுண்டக் கறுப்பா ஒருத்தி நின்னு ஆடுவாளே, அவளும் தெரிவா. நீங்க அந்தப் பழைய கேமராப் பொட்டியத் தூக்கவே வேணாம்.

எவரால்ட்: வேணாம்.

ஒனீக்கா: சும்மாத் தரேன்.

எவரால்ட்: எனக்குக் கை பழகினது என் பழசுதான்.

ஒனீக்கா: உக்காந்து கத்துத் தரேன் மாமா. இப்பத்தானே வாயப் பொளந்தீங்க?

எவரால்ட்: பொளந்தேன். அதுக்காக? வேணாம்னா வேணாம், விடேன்.

ஒனீக்கா: அப்ப பழசுலயே இன்னிக்கு எடுங்க. எடுத்தத எனக்கும் ஒரு காப்பி குடுங்க...

எவரால்ட்: ஏய்! அந்தப் பொட்டியத் தொடாதே!

ஒனீக்கா: ஏன் மாமா?

எவரால்ட்: தொடாதேன்னா தொடாதே!

ஒனீக்கா: நேத்தே தொட்டுட்டேன்.

எவரால்ட்: தொறந்தியா?

ஒனீக்கா: உங்க லென்ஸு என் கேமராவுல பொருந்துமான்னு பாக்கத் தொறந்தேன். உள்ள டேப்பு இல்ல. கார்டு இல்ல. பேட்டரி ஊதிப்போய் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது. லென்ஸுக்குப் பின்னாடி எறும்பு குடும்பம் நடத்துது, முட்டையோட.

எவரால்ட்: மெதுவாப் பேசு.

ஒனீக்கா: எதுக்கு மெதுவா? எப்பலேர்ந்து செத்துக் கெடக்கு?

எவரால்ட்: அந்தப் பெரிய புயல் வந்துச்சே... கூரை தகரம் பறந்து தண்ணி புகுந்துதுல்ல. அப்பலேர்ந்து. லைட்டுக்கு வேற பேட்டரி, அது மட்டும் எரியுது.

ஒனீக்கா: அத்தன வருஷமாவா? வெறும் பொட்டியத் தோள்ல வெச்சுக்கிட்டு...

எவரால்ட்: என்ன பண்ணச் சொல்ற? முன்னெல்லாம் லண்டன்லேர்ந்து, நியூயார்க்லேர்ந்து ஆளு வந்து வீடியோவுக்குக் காத்துக் கெடப்பான். அப்புறம் எல்லார் கையிலயும் போன் வந்துச்சு. "எவரால்ட், வீடியோ எங்க?"ன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் கேட்டிருப்பானா? கேக்கல. ஆனா ஒரு நாள் லைட்டு லேட்டா போச்சு, தெருவே கத்துச்சு. நீ என்னமோ கேமராவுக்குத்தான் லைட்டுன்னு நெனச்சிட்டு இருக்க. அது எப்பவோ மாறிடுச்சும்மா.

ஒனீக்கா: அக்கா, கேட்டுக்கிட்டியா? லண்டன்ல பாக்கறாங்க, அங்கேருந்து ஒரு நாள் கூப்பிடுவாங்கன்னு சொல்லிச் சொல்லிப் பூசினியே. உன் மூஞ்சி இந்தத் தெருவத் தாண்டல. நீ உரிச்சுக் குடுத்த தோல் எல்லாம் எறும்புக்குப் போச்சு.

ஷெரீன்: தெரியும்.

ஒனீக்கா: என்ன தெரியும்?

ஷெரீன்: கேமரா ஓடினா முன்னாடி ஒரு செவப்புப் பொட்டு எரியும். அதுக்கு நேரா நின்னுதான ஆடறேன்? எனக்குத் தெரியாதா? புயலுக்கப்புறம் அது எரியவே இல்ல.

எவரால்ட்: உனக்குத் தெரியுமா? ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த...

ஷெரீன்: சொன்னா நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு வராமப் போயிடுவீங்க. லைட்டும் வராது.

ஒனீக்கா: தெரிஞ்சுமா பூசின?

ஷெரீன்: ஆமா.

ஒனீக்கா: தெரிஞ்சு... முட்டியக் கிழிச்சுக்கிட்டு, பிளாஸ்திரிய ஒட்டிக்கிட்டு, ஒண்ணுமே இல்லாத ஒரு பொட்டிக்கு முன்னாடி...

ஷெரீன்: வெளிச்சம் இருந்துச்சுல்ல. அது நெசம்தான?

எவரால்ட்: அவ்ளோதான். அவளே சொல்லிட்டா. நீ யாருடி நடுவுல? நவுரு. வண்டி வர்ற நேரம்.

ஒனீக்கா: வண்டி வராது மாமா.

எவரால்ட்: ஏன்? மிஸ் வின்சம் எப்பவும் அனுப்புவாங்களே. அவங்க டான்ஸு, அவங்க வண்டி...

ஒனீக்கா: அனுப்ப மாட்டாங்க. காலைலயே போய்ப் பேசிட்டேன். போன மாசம் பாட்டுக்காரர நான் எடுத்த படத்தத்தான் போஸ்டர்ல போட்டிருக்காங்க. இனிமே மேடையும் கூட்டமும் நான் எடுக்கறேன். ஆனா அந்த லைட்டு வாசல்ல நுழைஞ்சா நான் வெளிய போயிடுவேன்னு சொன்னேன். சரின்னுட்டாங்க.

எவரால்ட்: என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியா... என் தங்கச்சி மகளா நீ?

ஒனீக்கா: போட்டேன். உங்களுக்குச் சோறு நான் போடறேன். அவளுக்குத் தோலு யாரு போடறது?

ஷெரீன்: உன்ன நான் மன்னிக்கவே மாட்டேன் ஒனீக்கா. கேட்டுக்க. சாகற வரைக்கும்.

ஒனீக்கா: மன்னிக்காதே. உயிரோட இருந்து மன்னிக்காம இரு.

எவரால்ட்: எல்லாத்தையும் முடிச்சிட்டுத்தான் வந்திருக்க. அப்புறம் எதுக்குடி வந்ததும் வராததுமா, லைட்டப் போடாதீங்க மாமான்னு எங்கிட்ட வந்து கேட்ட?

ஒனீக்கா: நீங்களே சரின்னு சொன்னா, உங்க மரியாதை போகாம, எவரால்ட்தான் அணைச்சாருன்னு மிஸ் வின்சத்த மைக்குல சொல்லச் சொல்லியிருந்தேன். இப்ப வாசல்ல நிக்கிறவன்கிட்ட உங்க பேரக் குடுத்து, உள்ள விடாதேன்னு சொல்லணும். கதவுலேர்ந்து கைய எடு அக்கா, தொறக்கணும்.